கவிதையும் எழுதின ரீச்சர்

கேள்வி: நான் நிலாவெளியில சின்னப்பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன், இடைக்கிடை கவிதையும் எழுதுவன். ரெண்டு தோணியில கால் வைக்காத எண்டு வீட்டில ஒரே பேச்சு. பிரான்சில படிப்பிச்சுக்கொண்டே கவிதை எழுதின ஒரு பொம்பிளை இருந்தவவாம், ஆர் அவ? - வாசகி, நிலாவெளி

பதில்: தங்கச்சி, நீங்கள் கேக்கிறது லூயிஸ் மிஷேலாத்தான் இருக்கவேணும். திருகோணமலையில பிரெஞ்சுக்காரர் எண்டா 1782ல கோட்டையப் பிடிச்ச சஃப்ரனத்தான் சொல்லுவினம், எனக்கெண்டா இந்த ரீச்சர்தான் முதல் ஞாபகம் வருவா.

1830ல ஒரு பெரிய வீட்டு வேலைக்காரப் பொம்பிளைக்குப் பிறந்தவ, அந்த வீட்டுப் பெரியவைதான் பேத்தி போல வளத்துப் படிப்பிச்சவை. அப்ப பிரான்சை ஆண்ட பேரரசன் மூன்றாம் நெப்போலியனுக்கு விசுவாசமா இருப்பன் எண்டு சத்தியம் பண்ணினாத்தான் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில வேலை, ஏலாது எண்டுபோட்டு தானே ஒரு பள்ளிக்கூடம் திறந்திட்டா. இளவயசிலயே பெரிய எழுத்தாளர் விக்டர் ஹியூகோவுக்குக் கவிதை அனுப்பினவ, அவரும் பதில் எழுதினவர்.

1871ல பாரிஸ் சனம் அரசாங்கத்துக்கு எதிராக் கிளம்பி நகரத்தைத் தாங்களே நடத்தின பாரிஸ் கம்யூன்ல துவக்கும் தூக்கினவ. எல்லாம் தோத்தாப்பிறகு தப்பியிருக்கலாம், ஆனா தனக்குப் பதிலா அம்மாவைப் பிடிச்சு வச்சிருக்கினம் எண்டு கேள்விப்பட்டு போய்ச் சரணடைஞ்சவ. கோர்ட்டில எனக்கும் மரண தண்டனை தாங்கோ எண்டு கேட்டா, குடுக்கேல்ல, 1873ல நாடுகடத்திக் கப்பல்ல ஏத்திப்போட்டினம், நாலு மாசம் கடல், இறங்கினது பசிபிக்கில நியூ கலிடோனியாவில.

எனக்கு அவவில ஆகப் பிடிச்ச காலம் அதுதான். அங்கத்தைய பூர்வீகக் குடிகளான கனாக் சனத்தை மற்ற பிரெஞ்சுக் கைதிகள் கனபேர் மனுசராவே மதிக்கேல்ல, இவ அவையின்ட பாஷையைப் பழகி, கதையளையும் பாட்டுகளையும் கேட்டு எழுதி வச்சவ, பிறகு ஞாயிற்றுக்கிழமையளில அவைக்குப் படிப்பிச்சவ. பப்பாசி மரத்துக்கு மஞ்சள் வருத்தம் வந்தா, அந்த மரத்துச் சாறை எடுத்து நல்ல மரத்துக்குத் தடுப்பூசி மாதிரி ஊசி போட்டும் பாத்திருக்கிறா! 1878ல கனாக்குகள் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக் கிளம்பினபோது விடைபெற வந்த ரெண்டு பேருக்கு, கம்யூன் காலத்தில இருந்து ஒளிச்சு வச்சிருந்த சிவப்புச் சால்வையை ரெண்டாக் கிழிச்சுக் குடுத்தவ. 1880ல பொதுமன்னிப்பு கிடைச்சுத் திரும்பினா, லண்டன்லயும் பள்ளிக்கூடம் நடத்தினா, 1905ல மார்செய்ல செத்தா.

படிப்பிப்பு ஒரு தோணி, கவிதை வேற தோணி எண்டு அவவுக்கு இருக்கேல்ல தங்கச்சி, கனாக் சனத்திட்ட கேட்ட கதைதான் அவ எழுதின ஒரு புத்தகமும். நீங்களும் உங்கட வகுப்புப் பிள்ளையள் கடலைப் பற்றி, கரைவலை பற்றிக் கதைக்கிற சொல்லுகளை ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. அதில இருந்து ஒரு கவிதை வந்தா எங்களுக்கு அனுப்புங்கோ, கட்டாயம் வாசிப்பன்.