அம்மாவுக்கு இல்லாத பிசிஓஎஸ் எனக்கு எப்படி?

கேள்வி: எனக்கு 22 வயசு மேடம். பீரியட்ஸ் மூணு மாசம், நாலு மாசம்னு தள்ளித்தான் வருது, தாடையில முடி வேற. பிசிஓஎஸ்னு, அதாவது சினைப்பை (ஓவரி) சம்பந்தமான ஹார்மோன் கோளாறுன்னு சொல்லி ஹார்மோன் மாத்திரை குடுத்தாங்க. எங்கம்மா, சித்தி யாருக்குமே இது இல்ல, எனக்கு மட்டும் எப்படி? ஆச்சி வேற இத முழுங்குனா புள்ள தங்காதுன்னு மாத்திரைய ஒளிச்சு வெச்சுட்டாங்க. தங்கச்சிக்கு 15 வயசு, அவளுக்கும் ஸ்கேன் எடுக்கணுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: மொதல்ல ஆச்சிகிட்ட மாத்திரைய வாங்குங்கம்மா. அத சாப்பிடுற வரைக்கும்தான் கரு தரிக்காது, நிறுத்துனா அந்த வேலையும் நின்னுடும். அது நோயை அடியோட போக்குற மருந்து இல்லங்கறதும் நெசம்தான், ஆனா மாசக்கணக்கா பீரியட்ஸ் வராம இருந்தா கர்ப்பப்பையோட உள்சவ்வு தடிச்சுக்கிட்டே போகும், அத தடுக்கத்தான் குடுக்குறாங்க. தாடை முடி கொறைய ஆறு மாசமாவது ஆகும், பொறுத்துக்கோங்க. வீட்ல யாருக்காவது கால்ல ரத்தக்கட்டு வந்திருந்தாலோ, உங்களுக்கு கண்ணுல மின்னல் வெட்டிட்டு வர்ற ஒத்தத் தலைவலி இருந்தாலோ டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும்.

சரி, பரம்பரை விஷயம். அம்மா, சித்தின்னு எழுதியிருக்கீங்க, அப்பா பக்கம் ஒரு வார்த்தை கூட இல்லையே? எல்லாரும் இப்படித்தான், பொம்பளைங்க நோய்னா அம்மா வீட்ட மட்டும் தோண்டுவாங்க. 2006ல நெதர்லாந்துல இரட்டைப் பிறவிகள வெச்சு பண்ண ஆய்வுல பிசிஓஎஸ்ல பரம்பரையோட பங்கு கிட்டத்தட்ட 70 சதவீதம்னு வந்துச்சு, ஆனா ஒரே ஒரு ஜீன்னு கிடையாது, பல ஜீன் சேர்ந்து வர்றது, அதுல பாதி அப்பா குடுத்தது. அவருக்கு ஓவரி இல்ல, அதனால அவர்கிட்ட அது சின்ன வயசுலயே வர்ற சுகராவோ வழுக்கையாவோ தெரியலாம். அப்பாவுக்கோ அத்தைக்கோ சுகர் எந்த வயசுல வந்துச்சுன்னு கேட்டு எழுதிட்டுப் போங்க.

உங்க கழுத்துக்குப் பின்னாடி கறுத்திருக்கா? அழுக்குன்னு பீர்க்கங்கா நார் போட்டு தேய்ப்பாங்க, போகவே போகாது, அனேகமா இன்சுலின் சரியா வேலை செய்யலங்கறதோட அடையாளம் அது. வெறும் வயித்து சுகர் மட்டும் பாத்தா சில சமயம் தப்பிச்சிடும், 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்குற டெஸ்ட்டும் கேளுங்க. தைராய்டு, ப்ரோலாக்டின் (பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்) பாக்கலன்னா அதையும். மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரைய எழுதுனா சுகர் வந்துடுச்சோன்னு பயப்படாதீங்க, இதுக்கும் குடுப்பாங்க. பின்னாடி கல்யாணமாகி குழந்தைக்கு டிலே ஆனா, கருமுட்டை வெளிவர லெட்ரோசோல்னு மாத்திரை இருக்கு, 2011ல நம்ம நாட்டுல குழந்தைக்காக அத குடுக்க தடை போட்டு 2017ல எடுத்துட்டாங்க, இப்ப அதுதான் மொத சாய்ஸ்.

தங்கச்சிக்கு ஸ்கேன் வேணாம். வயசுக்கு வந்து 8 வருஷம் வரைக்கும் நல்லா இருக்குற பொண்ணுங்களுக்கே ஸ்கேன்ல ஓவரி பிசிஓஎஸ் மாதிரி தெரியலாம். பீரியட்ஸ் தேதிய காலண்டர்ல குறிக்கச் சொல்லுங்க, மூணு மாசம் தாண்டுனா கூட்டிட்டுப் போங்க.