வாசகர் கேள்வி – பதில்: புகையும் புழுதியும் செய்மதியின் பார்வையில்

கேள்வி: மாசியில் அறுவடை முடிந்தபின் வயலில் அரிதாளுக்குத் தீ வைத்தோம். இணையத்தில் வரும் செய்மதித் தீ வரைபடத்தில் அன்று ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. அடுத்த வாரம், குளத்தின் நடுவே ஒரு புள்ளி தெரிந்தது. இதை நம்பலாமா? (வாசகர், மாங்குளம்)

பதில்: நம்பலாம், ஆனால் அந்தப் புள்ளி எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். அது புகையை அன்று, வெப்பத்தையே குறிக்கிறது. எரியும் தீ, ஏறத்தாழ 4 மைக்றோமீற்றர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களைச் சுற்றியுள்ள நிலத்தைவிடப் பல மடங்கு வலுவாக வெளிவிடுவதால், தான் பார்க்கும் நிலக் கட்டத்தின் ஒரு மூலையில் மட்டும் எரிந்தாலும் செய்மதி அதை உணர்ந்துவிடும். சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 ஆகிய செய்மதிகளில் உள்ள விர்ஸ் என்னும் கருவி நிலத்தை 375 மீற்றர் கட்டங்களாகப் பார்க்கிறது. அத்தகைய ஒரு கட்டம் சுமார் 35 ஏக்கர். தீ அதில் எங்கே எரிந்தாலும் புள்ளி கட்டத்தின் நடுவிலேயே இடப்படும். ஆகவே குளக்கட்டு ஓரத்துப் பற்றைக்கு யாரோ வைத்த தீ, தண்ணீருக்குள் எரிவதுபோலத் தெரிந்திருக்கலாம்.

இந்தச் செய்மதிகள் நம் பகுதிக்கு மேலாகப் பிற்பகல் 1.30 மணியை ஒட்டியும் பின்னிரவு 1.30 மணியை ஒட்டியும் கடந்து செல்கின்றன. காற்றுத் தணிந்த மாலையில் வைத்து, இருட்டுமுன் எரிந்து முடிந்த அரிதாள் தீ இவ்விரண்டுக்கும் இடையில் தப்பிவிடும். மேகம் மூடியிருந்தாலும் இதே கதைதான். ஆகையால் புள்ளி இல்லாத நாளைத் தீ இல்லாத நாள் என்று கொள்ள முடியாது.

கேள்வி: 2022 டிசெம்பரில் வானம் மங்கிக் கிடந்தது, பட்டிமாடுகளும் இறந்தன. இந்தியாவிலிருந்து வந்த மாசு என்றார்கள். அவ்வளவு தொலைவிலிருந்து அது எப்படி வந்தது? செய்மதியால் அதை அளக்க முடியுமா? (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: கொண்டுவந்தது காற்று. அந்த வாரம் வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நிலைகொண்டிருந்தது. நம் அரைக்கோளத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதால், புயலின் மேற்குப் பக்கத்தில் அது வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வீசும். வாடைக்காற்றின் காலத்தில் ஏற்கெனவே இத்திசையில் நகரும் வட இந்தியக் குளிர்காலப் புகைமூட்டத்தை அது இன்னும் விரைவாக இங்கே இழுத்துவந்தது. டிசெம்பர் 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். மாடுகளின் இறப்பை இதனோடு சேர்த்துப் பேசுவது பிழை என்பது என் கருத்து; மழையோடு வந்த கடுங்குளிரே அவற்றைக் கொன்றது.

அளப்பதைப் பொறுத்தவரை, துகள்கள் சூரிய ஒளியை எவ்வளவு மங்கச் செய்கின்றன என்பதைச் செய்மதி கணிக்கிறது. ஆனால் அது நிலத்திலிருந்து வளிமண்டலத்தின் உச்சிவரை உள்ள முழுத் தொகை. மூன்று கிலோமீற்றர் உயரத்தில் கடந்து போகும் புகையும், உங்கள் முற்றத்தில் படிந்திருக்கும் புகையும் அந்தத் தொகையில் ஒன்றாகவே தோன்றக்கூடும். லேசர் கதிரைக் கீழே செலுத்தி உயரத்தையும் அளந்த கலிப்சோ செய்மதி 2006 முதல் 2023 வரை இயங்கி ஓய்ந்துவிட்டது. நாம் சுவாசிக்கும் காற்றை அறிய நிலத்தில் வைத்த கருவிதான் வேண்டும். இலங்கையில் அப்பணியைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் செய்கிறது. வீட்டில் ஆஸ்துமா நோயாளர் இருந்தால் செய்மதிப் படத்தை வைத்து முடிவெடுக்காமல் அந்த அளவீட்டைப் பாருங்கள்.

கேள்வி: சோளகம் வீசும்போது எழும் புழுதியைப் புகையிலிருந்து பிரித்துக் காண முடியுமா? (வாசகர், பரந்தன்)

பதில்: பெரும் புழுதியாயின் முடியும். சாதாரண வண்ணப் படத்தில் புகை நீலம் கலந்த சாம்பல் நிறத்திலும் புழுதி மண்ணிறத்திலும் தெரியும். இரவில், 11, 12 மைக்றோமீற்றர் ஆகிய இரு அகச்சிவப்பு அலைநீளங்களையும் புழுதி வெவ்வேறு அளவில் மறைப்பதால், மீற்றியோசற் என்னும் ஐரோப்பிய வானிலைச் செய்மதியின் புழுதிப் படத்தில் அது இளஞ்சிவப்பாகத் தோன்றும். நுண்ணிய புகைத் துகள்களை அக்கதிர்கள் பெரும்பாலும் ஊடுருவிச் சென்றுவிடும். யூன், யூலையில் அரபிக் கடலுக்கு மேலே பரவும் பாலைவனப் புழுதியை இவ்வாறே பின்தொடர்கிறார்கள். கிரவல் வீதியில் டிப்பர் கிளப்பும் புழுதி மட்டும் இக்கருவிகள் எதற்கும் அகப்படாது. அதற்கு வீதிக்குத் தண்ணீர் தெளிக்கும்படி பிரதேச சபையிடம்தான் கேட்க வேண்டும்.