அப்பன் மலை சிம்பொராசோ

கேள்வி: எவரெஸ்டைவிட உயரமான மலை தென் அமெரிக்காவில் இருக்கிறது என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். உண்மையா? (வாசகி, காரமடை)

பதில்: பையன் சொல்வது பாதி சரிங்க. அவன் சொல்வது ஈக்வடார் நாட்டுச் சிம்பொராசோ. கடல் மட்டத்திலிருந்து அளந்தால் 6,263 மீட்டர்தான், எவரெஸ்ட் 8,849. ஆனால் பூமி சரியான உருண்டை இல்லை, நடுவில் பருத்து, துருவங்களில் கொஞ்சம் அமுங்கிக் கிடக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டியே சிம்பொராசோ இருப்பதால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் அதன் உச்சி எவரெஸ்டைவிடச் சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி நிற்கும். 'உயரமான' என்பதை விட்டுவிட்டு 'மையத்திலிருந்து தொலைவான' என்று சொல்லச் சொல்லுங்க, அப்புறம் யாரும் மறுக்க முடியாது.

கேள்வி: அந்தக் குளிரில் ஜனங்கள் இருக்கிறார்களா? விவசாயம் உண்டா? நான் கிழங்கு மண்டியில் வேலை பார்க்கிறேன். (வாசகர், மேட்டுப்பாளையம்)

பதில்: நீங்க கேட்டதில் எனக்கு இரட்டைச் சந்தோஷம், ஏன்னா உங்கள் மண்டியில் மூட்டை மூட்டையாக இறங்கும் உருளைக்கிழங்கின் பூர்வீகமே சிம்பொராசோ இருக்கும் ஆண்டிஸ் மலைகள்தான். சிம்பொராசோ என்பது மாகாணத்துக்கும் பெயர், தலைநகர் ரியோபாம்பா. அந்த ஊர் சுமார் 2,750 மீட்டரில் இருக்கிறது. நம்ம தொட்டபெட்டா உச்சியே 2,637தான், அதைவிட மேலே ஒரு முழு நகரம், சந்தை, பேருந்து நிலையம் எல்லாம் இருப்பதை நினைத்துப் பாருங்க! பழைய ஊர் 1797 நிலநடுக்கத்தில் அழிந்துபோக, இப்போதுள்ள இடத்துக்கு மாற்றிக் கட்டினார்கள்.

ஊருக்கு மேலே உருளை, பார்லி, கினோவா என்கிற தானியம் விளையும் சரிவுகள், அதற்கும் மேலே பாராமோ என்கிற புல்வெளி. நீலகிரிப் புல்வெளி மாதிரியே அதுவும் மழையையும் பனியையும் உறிஞ்சி வைத்து, கீழே ஓடைகளாக விடுகிறது. பில்லூர்த் தண்ணீர் குடிக்கும் நமக்கு அதன் அருமை சொல்லாமலே புரியும்.

அங்குள்ள பூர்வகுடிகள் புருஹா மக்கள், பேசுவது கிச்சுவா. மலையை 'தைத்தா சிம்பொராசோ' என்பார்கள். தைத்தா என்றால் அப்பன், நம்ம பக்கம் 'அய்யன்' என்கிற மாதிரி. அந்த அப்பன் மேலிருந்து பனிக்கட்டி வெட்டி, புல்லில் சுற்றிக் கழுதைமேல் ஏற்றி, ரியோபாம்பா சந்தையில் பழச்சாற்றுக்கு விற்பதே ஒரு தொழிலாக இருந்தது. ஃபிரிட்ஜ் வந்தபின் மற்றவர்கள் விட்டுவிட, கடைசிப் பனிக்காரர் என்று பெயர் வாங்கிய பால்தசார் உஷ்கா மட்டும் வயதான பிறகும் ஏறிக்கொண்டே இருந்தார். 2024-இல் காலமானார்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகணும். தலைமுறை தலைமுறையாக இந்த மக்களைப் பண்ணைகளில் கொத்தடிமை மாதிரி வைத்திருந்தார்கள். சாலை போடக் கட்டாய வேலை, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தேவாலய வரி. 1871-இல் பெர்னாண்டோ தாக்கிலேமா என்பவர் தலைமையில் எழுந்தார்கள், அவரை மக்களே அரசனாக ஏற்றார்கள். அடுத்த ஆண்டு அரசு அவரைக் கொன்றது. பின்னால் 1954-இல் ரியோபாம்பாவுக்கு ஆயராக வந்த லியோனிதாஸ் ப்ரோவான்யோ, திருச்சபை நிலத்தை விவசாயிகளுக்குக் கொடுத்தார், 1962-இல் வானொலி வழியாகவே எழுத்துப் பாடம் தொடங்கினார். எனக்கு மலையைவிட இந்த மனிதர்கள்தான் பெரிதாகத் தெரிகிறார்கள்.

கேள்வி: ஊட்டி ரயில் மாதிரி அங்கே ஏதாவது உண்டா? (வாசகர், கல்லாறு)

பதில்: உண்டு. அலௌசி ஊருக்குப் பக்கத்தில் 'பிசாசின் மூக்கு' என்றொரு செங்குத்துப் பாறை. கல்லாறிலிருந்து நம்ம ரயில் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுகிறது, அங்கே பல்சக்கரம் கிடையாது. வண்டி முன்னால் கொஞ்சம் போய், தடம் மாறிப் பின்பக்கமாகவே ஏறி, மறுபடி முன்னால் போகும்படி வளைவில்லாமல் தடம் போட்டார்கள். அந்தப் பாதை 1908-இல் தலைநகர் கீட்டோவை எட்டியது. மலையை உடைக்க ஜமைக்காவிலிருந்து கூட்டிவந்த தொழிலாளர்களில் ரொம்பப் பேர் திரும்பிப் போகவே இல்லை.