கேரவே செடி முதல் ஆண்டில் பூக்காதது ஏன்? அதை எப்போது அறுவடை செய்து, எப்படிப் பயன்படுத்துவது?

விதைத்துப் பல மாதங்கள் ஆகியும் செடி வெறும் இலையோடு நிற்கிறது, பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பிடுங்க வேண்டாம். சீமைச் சோம்பு என்றும் சொல்லப்படும் கேரவே பெரும்பாலும் ஈராண்டுப் பயிர். முதல் ஆண்டு முழுவதும் அது தரையை ஒட்டிக் கேரட் இலை போன்ற நுண்ணிய இலைகளை விரித்து, தான் தயாரிக்கும் உணவையெல்லாம் ஆணிவேரில் சேர்த்துவைக்கிறது. குளிர்காலம் கழிந்த பிறகே நடுத்தண்டு 60 முதல் 90 செ.மீ. வரை எழும்பி, அதன் நுனிகளில் குடை விரித்தாற்போல் வெண்ணிறப் பூங்கொத்துகள் வரும்.

இந்த மாற்றத்துக்கு வயது மட்டும் போதாது, குளிரும் வேண்டும். போதிய அளவு பருத்த வேர் பல வாரங்கள் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிரில் இருந்தால்தான் செடி பூக்கும் பருவத்துக்கு மாறும். மெலிந்த செடி குளிரில் இருந்தாலும் அந்தத் தூண்டுதலை ஏற்காமல் இன்னோர் ஆண்டும் இலையாகவே நின்றுவிடுவதுண்டு. ஆகவே முதல் ஆண்டில் வேரைப் பருக்கவைப்பதே நம் வேலை. விதையின் அளவு அங்கேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. குளிரே இல்லாத இடத்தில் இருப்பவர்கள் ஈராண்டு வகையை நம்பிக் காத்திருக்காமல், குளிர்த் தூண்டுதல் தேவைப்படாத ஓராண்டு வகையின் விதையைக் கேட்டு வாங்கி, இருப்பதில் இதமான பருவத்தில் விதைப்பது நல்லது.

விதையை நேராக நிலத்திலேயே ஊன்றுங்கள். ஆணிவேர்ச் செடியாதலால் நாற்றாகப் பிடுங்கி நடும்போது வேர் ஒடிந்தோ கோணியோ போய்விடும். வெயில் நன்றாக விழுகிற, நீர் தேங்காத இடமாகப் பார்த்து, மண்ணை ஆழமாகக் கொத்திக் கல்லும் கட்டியும் நீக்கி, மட்கிய உரம் கலந்து, 1 செ.மீ. ஆழத்துக்கு மிகாமல் விதைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும். பிறகு செடிக்குச் செடி 15 முதல் 20 செ.மீ. இடைவெளி இருக்குமாறு கலைத்துவிட வேண்டும். தொட்டியாக இருந்தால் அகலத்தைவிட ஆழமே முக்கியம், 25 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும். பழைய விதை முளைப்பது அரிது என்பதால் முந்தைய பருவத்து விதையையே தேடிப் பிடியுங்கள்.

இளஞ்செடி மிக மெதுவாக வளரும். இந்தக் கட்டத்தில் களை முந்திக்கொண்டால் பயிர் மீளாது என்பதால், முதல் இரண்டு மாதம் கையால் களை எடுப்பதில் சோம்பல் கூடாது. வேர் ஊன்றிய பின் மண் சற்றுக் காய்ந்ததும் நீர் விட்டால் போதும். எப்போதும் ஈரமாக வைத்தால் வேர் அழுகும். பூக்கும் காலத்தில் பூச்சிமருந்துப் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இந்தச் சிறு பூக்களுக்குத் தேனீயும், அசுவினியைத் தின்னும் புழுக்களை ஈனும் மலர் ஈக்களும் திரளாக வரும்; தோட்டம் முழுவதற்கும் அவை செய்யும் உதவி பெரிது.

அறுவடைதான் கவனம் தேவைப்படும் இடம். ஒரே செடியில் நடுக் கொத்து முதலில் முற்றும், பக்கக் கொத்துகள் பின்தங்கும். எல்லாம் முற்றட்டும் என்று காத்திருந்தால் முதலில் முற்றியவை, அதாவது நல்ல பருமனான விதைகள், காற்றிலேயே உதிர்ந்துபோகும். ஒரு கொத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு காயும் இரண்டாகப் பிளவுபடும். ஒவ்வொரு பாதியும் பிறைபோல் வளைந்து, முனைகள் கூர்ந்து, பழுப்பு முதுகில் ஐந்து வெளிறிய வரிகளோடு இருக்கும். நாம் விதை என்று சொல்வது இந்தப் பாதிக் காயைத்தான். கொத்தில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிப் பழுப்பேறி, மீதி இன்னும் பச்சை கலந்திருக்கும்போதே, பனி ஈரம் உலராத காலை வேளையில் தண்டோடு அறுத்துவிட வேண்டும். ஈரம் இருக்கையில் உதிர்வு குறைவு. அறுத்தவற்றைக் காகிதப் பைக்குள் தலைகீழாக நுழைத்து, காற்றோட்டமான நிழலில் ஓரிரு வாரம் தொங்கவிட்டால் பின்தங்கியவையும் பழுத்துப் பைக்குள்ளேயே உதிரும். பிறகு கையால் கசக்கி, முறத்தில் புடைத்துத் தூசியை நீக்குங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், பூசணம் பிடிக்கும்.

நன்றாகக் காய்ந்த விதையை இரண்டு மூன்று நாள் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் ஒளிந்திருக்கும் பூச்சிகள் மடியும். அதன்பின் காற்றுப்புகாத புட்டியில், இருட்டில், முழு விதையாகவே வையுங்கள். மணம் தரும் எண்ணெய் எளிதில் ஆவியாவது என்பதால் பொடித்தால் விரைவில் சப்பென்றாகிவிடும். அந்த எண்ணெயின் பெரும்பங்கு கார்வோன் என்ற பொருள். ஸ்பியர்மின்ட் வகைப் புதினாவின் மணத்துக்குக் காரணமும் கார்வோன்தான். ஆனால் இரண்டின் மூலக்கூறுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள், அதனாலேயே நம் மூக்குக்கு இரண்டும் வெவ்வேறாகப் படுகின்றன.

சமையலில் இது முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, ரொட்டி ஆகியவற்றோடு நன்றாகச் சேரும். நெடுநேரம் கொதித்தால் கசப்பு ஏறும். ஆகவே குழம்பாகவோ சூப்பாகவோ செய்யும்போது கடைசிக் கால் மணி நேரத்தில் போடுங்கள். இளம் இலைகளை முதல் ஆண்டிலேயே சாலட்டிலும் சூப்பிலும் சேர்க்கலாம், ஆனால் அளவோடு கிள்ளுங்கள். இலையை மொட்டையடித்தால் வேர் பருக்காது. வேரும் கேரட் போல வேகவைத்து உண்ணத் தக்கது. அதைத் தோண்டினால் அந்தச் செடியில் விதை இல்லை, விதை எடுத்த பின் தோண்டினால் வேர் நாராகிவிட்டிருக்கும் என்பதால், வேர் வேண்டுமென்றால் சில செடிகளை அதற்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது.

நீங்கள் விதைத்த பாத்தியில் முளைத்ததை மட்டுமே உண்ணுங்கள். வெளியில் தானாக வளர்வதைப் பார்த்துக் கேரவே என்று எண்ணிப் பறிக்கவே கூடாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெம்லாக் என்ற செடியும் இதே போன்ற இலையும் வெண்பூவும் உடையது. அது உயிரைப் பறிக்கும் நஞ்சு. பாத்தியில் உதிர்ந்த விதைகள் அடுத்த ஆண்டு தாமாகவே முளைக்கும் என்பதால், அந்த இடத்தில் ஒரு பெயர்ப்பலகை ஊன்றிவையுங்கள். இந்த ஆண்டே புதிதாக ஒரு வரிசையும் விதைத்துவிட்டால், ஒன்று இலையாக நிற்கும்போது மற்றொன்று விதை தரும்.