நீலப் புள்ளியும் 538 பேரும்

கேள்வி: அமெரிக்காவில் அதிக வாக்கு வாங்கியவரே தோற்றுப்போகிறார். இதைத் திருத்த அவர்களுக்கு மனமே வரவில்லையா? (வாசகர், தேனி)

பதில்: ஒருமுறை வந்தது. அங்கே அதிபரை முடிவு செய்வது மக்களின் மொத்த வாக்கு அல்ல, மாநிலவாரியாகத் தேர்ந்தெடுக்கப்படும் 538 தேர்வாளர்கள் என்பதை முதலில் நினைவில் வையுங்கள். 1968 தேர்தலில் ஜார்ஜ் வாலஸ் என்ற மூன்றாவது ஆள் 46 தேர்வாளர் வாக்குகளை அள்ளிக்கொண்டு போனதும் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் கிலி பிடித்துவிட்டது. மறு ஆண்டே, தேர்வாளர் குழுவை ஒழித்துவிட்டு மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை 338க்கு 70 என்ற கணக்கில் நிறைவேற்றியது. 1970இல் செனட்டில் தென் மாநிலத்துக்காரர்களும் சிறு மாநிலத்துக்காரர்களும் பேசிப் பேசியே அதைத் தீர்த்துக்கட்டினார்கள். திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டும். 2000இலும் 2016இலும் குறைந்த வாக்கு வாங்கி ஜெயித்த இருவருமே குடியரசுக் கட்சியினர். அந்தக் கட்சி எதற்காக இதற்குத் தலையாட்டப்போகிறது?

கேள்வி: தேர்வாளரே கட்சி மாறி வாக்களித்தால்? (வாசகி, காரைக்குடி)

பதில்: 2016இல் ஏழு பேர் மாறினார்கள், முடிவு மாறவில்லை. அப்படிப்பட்டவர்களை மாநிலம் தண்டிக்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

கேள்வி: மாநிலத்தின் வாக்குகளை ஒருவருக்கே கொடுக்காமல் பிரித்துக் கொடுத்தால் என்ன? (வாசகர், கோவை)

பதில்: அந்தக் கோளாறைத்தான் தொட்டுவிட்டீர்கள். ஒருவருக்கே எல்லாவற்றையும் கொடு என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை. மாநிலச் சட்டமன்றங்கள் ஆளுங்கட்சியின் ஆதாயம் பார்த்துப் போட்டுக்கொண்ட விதி அது. மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் இரண்டு வாக்கை மாநில அளவில் வென்றவருக்கும் மீதியைத் தொகுதிவாரியாகவும் தருகின்றன.

என் தங்கை மகள் நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் இருக்கிறாள். 2024இல் தன் தெருவைப் படம் எடுத்து அனுப்பினாள். வீட்டு வாசல்களில் வெள்ளை அட்டைகள். நடுவே ஒரு நீல வட்டம், எழுத்தே கிடையாது. கண் மருத்துவமனை விளம்பரமா என்று கேட்டுக் கேலிக்கு ஆளானேன். குடியரசுக் கட்சியின் கோட்டையான சிவப்பு மாநிலத்தில் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைக்கக்கூடிய அந்த ஒற்றை வாக்குதான் நீலப் புள்ளியாம். அதையும் பிடுங்க அவ்வாண்டு குடியரசுக் கட்சியினர் விதியை மாற்றப் பார்த்தார்கள். அவர்கள் கட்சியிலேயே மைக் மெக்டொனெல் என்ற மாநில செனட்டர் மறுத்துவிட, முயற்சி படுத்துவிட்டது.

ஆனால் இதையே நாடு முழுக்கச் செய்தால்? 2012 கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒபாமா ஏறத்தாழ 50 லட்சம் வாக்கு முன்னிலை. தொகுதி முறையிலோ எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் ராம்னிக்கு 274, ஒபாமாவுக்கு 264! தொகுதிகளுக்குக் கோடு கிழிப்பவர்களே பெரும்பாலும் கட்சிக்காரர்கள்தானே. இந்த மருந்து எனக்கு வேண்டாம்.

என் ஓட்டு, மாநிலங்களின் ஒப்பந்தத்துக்கு. நாடு முழுவதும் அதிக வாக்கு வாங்கியவருக்கே எங்கள் தேர்வாளர்களைத் தருவோம் என்று ஒவ்வொரு மாநிலமாகச் சட்டம் இயற்றுகிறது. சேர்ந்த மாநிலங்களின் தேர்வாளர் கூட்டுத்தொகை, 538இல் பெரும்பான்மையான 270ஐத் தொட்டால்தான் அமலாகும். 2024 ஏப்ரலில் மெய்ன் சேர்ந்தபோது 209 ஆனது. அமலாகும் நாளில் வழக்கு நிச்சயம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டாமா என்பதில் தொடங்குவார்கள்.

கேள்வி: நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் இப்படி எதுவும் இல்லையே? (வாசகர், விழுப்புரம்)

பதில்: நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். எம்.எல்.ஏ. வாக்கின் மதிப்பை இன்றும் 1971 மக்கள்தொகையை வைத்தே கணக்கிடுகிறோம். அதன்படி தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 176, உத்தரப் பிரதேசத்தவருக்கு 208. 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும் வரைதான் இந்தப் பூட்டு. 2011 மக்கள்தொகையைப் போட்டாலே நமக்கு 308, அவர்களுக்கு 496. நம் ஊர் எம்.பி.யைப் பார்த்தால் இதைக் கேளுங்கள்.