காற்றே உப்பான தீவு

கேள்வி: மாதக்கணக்கில் படகு நெருங்க முடியாத செயின்ட் கில்டா தீவில், குளிர்காலத்துக்கான இறைச்சியை எப்படிச் சேமித்தார்கள்?

பதில்: ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கு மேற்கே சுமார் 64 கி.மீ. தள்ளி, அட்லாண்டிக்கில் இருக்கிறது அது. அங்கே உப்பு அரிது, காற்றுக்குப் பஞ்சமில்லை. அதனால் 'கிளீட்' எனும் கல்குடில்களைக் கட்டினார்கள். சுவருக்குச் சாந்து கிடையாது. இடுக்கு விட்டுக் கற்களை அடுக்கி, மேலே பலகைக்கல் பாவி, புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளால் மூடினார்கள். கூரை மழையைத் தடுக்கும். இடுக்கு வழியே காற்று ஓடி, உள்ளே வைத்த கடற்பறவை இறைச்சியை உலர்த்தும். இடுக்கை அடைத்தால் ஈரம் தங்கிப் பூசணம்தான். அடுப்பெரிக்க வெட்டிய புல்கட்டியும் இதிலேதான் காய்ந்தது. இப்படிச் சுமார் 1,400 குடில்கள். எத்தனை தலைமுறை உழைப்பு! 1930 ஆகஸ்டில் கடைசி 36 பேரும் வெளியேறினார்கள்; குடில்கள் பல இன்னும் நிற்கின்றன.