‘சிவில் மேட்டர்’ என்றால் தட்டிக்கழிப்பா?

கேள்வி: தொழிலுக்கென்று கேட்ட நண்பருக்கு இரண்டே முக்கால் வருடம் முன்பு நான்கு லட்சம் கொடுத்தேன். புரோநோட் எழுதித் தந்தார். ஆறு மாதம் வட்டி வந்தது. இப்போது போனையே எடுப்பதில்லை. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான ரசீது) மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, “இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க” என்கிறார்கள். ஏமாற்றியவனைப் பிடிக்காத போலீஸ் எதற்கு? – ஒரு வாசகர், கரூர்

பதில்: பிடிக்க வேண்டுமென்றால் அவர் ஏமாற்றியிருக்க வேண்டும். ஆறு மாதம் வட்டி கட்டினார் என்று நீங்களே எழுதுகிறீர்கள்! பழைய 420, இப்போது புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318. எந்த எண்ணானாலும், பணம் வாங்கும்போதே ஏய்க்கும் எண்ணம் இருந்ததென்று காட்டினால்தான் மோசடி. பிறகு தொழில் படுத்ததோ, மனசு மாறியதோ, அது வாக்குத் தவறியது; அதற்குப் பரிகாரம் சிவில் வழக்கு. அடுத்தவர் நிலத்தைத் தன்னுடையதென்று போலிப் பத்திரம் காட்டிப் பணம் வாங்கியிருந்தால் கதை வேறு. அப்போது எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார், அவரும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு என்று வழி இருக்கிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் அவர் உள்ளே போவார், உங்கள் நான்கு லட்சம் தானாக வெளியே வராது. சிவில் கோர்ட்டில் யார் பக்கம் உண்மை கூடுதல் என்று பார்ப்பார்கள். கையெழுத்திட்ட புரோநோட் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டியது போலீஸைப் பற்றியல்ல, காலண்டரைப் பற்றி. கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு வழக்குப் போடக் கெடு, எழுதிய தேதியிலிருந்து 3 வருடம். உங்களுக்கு மிச்சம் மூன்றே மாதம். சி.எஸ்.ஆர். ரசீது இந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. வக்கீல் நோட்டீஸும் நீட்டாது. பலர் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தே வழக்கைக் கோட்டை விடுகிறார்கள்.

நோட்டின் பின்பக்கம் வட்டி வரவு எழுதி அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, பாருங்கள். போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம். நீங்களே வரவு எழுதி வைத்திருந்தால் பயனில்லை. கெடு முடிவதற்குள் ‘இவ்வளவு பாக்கி’ என்று அவரிடம் எழுதி வாங்கினாலும் சரி. முடிந்த மறுநாள் வாங்கும் அதே வரிக்கு அந்தப் பலம் இல்லை. முன்பக்கம் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டை அபராதம் கட்டிக்கூடச் சாட்சியத்தில் சேர்க்க முடியாது.

வழக்கை சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் ஆணைப்படி சுருக்க முறையில் போடச் சொல்லுங்கள். அதில் எதிராளி சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். எதிர்வாதம் செய்யக்கூட கோர்ட் அனுமதி வாங்க வேண்டும். சாதாரண வழக்காகப் போட்டால் வாய்தா வாய்தாவாக இழுக்கும். கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் 2017க்குப் பின் 3 சதவீதம். அசலுக்கு மட்டும் 12,000 ரூபாய், கேட்கும் வட்டிக்குத் தனி.

செக் ஏதாவது கொடுத்திருக்கிறாரா? சிவில், கிரிமினல் என்ற இரண்டு கிளைகளும் ஒட்டிக்கொள்ளும் இடம் அதுதான். பணமில்லாமல் திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்தபின் அவருக்கு 15 நாள் அவகாசம், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப்போல் இரு மடங்கு வரை அபராதம். சிவில் வழக்கையும் கூடவே நடத்தலாம்.

அவர் வீட்டையோ நிலத்தையோ விற்கப் பார்க்கிறார் என்று தெரிந்தால், வழக்கோடு சேர்த்தே தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி மனுவும் போடுங்கள். எந்தச் சொத்து, எந்த சர்வே எண், யாரிடம் விலை பேசுகிறார் என்று விவரம் வேண்டும். ‘விற்கப் போகிறார் போல’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் தள்ளுபடிதான்.